ஒப்புக்கொள்ளுதலும் ஒப்புரவும்

அரிச்சுவடி முடித்து ஆத்திசூடிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒகரத்தைப் பழக்குவதற்காக ஔவையார் தேர்ந்தெடுத்த சொல் ஒப்புரவு. அதே பிள்ளை வளர்ந்து திருக்குறளின் அறத்துப்பாலைப் புரட்டும்போது, 22ஆம் அதிகாரத்தின் தலைப்பிலும் அச்சொல்லே வந்து நிற்கிறது. ஊருணி நீர் நிறைந்தாற்போலவும், பயன்மரம் உள்ளூரில் பழுத்தாற்போலவும், ஒருவன் செல்வம் ஊராருக்குப் பயன்படுதலை அங்கே வள்ளுவர் பேசுகிறார். பரிமேலழகரோ, ஒப்புரவாவது உலகநடை என்றும், அது அறநூல்களைப் படித்து அறியப்படுவதன்று, தாமே அறிந்து ஒழுகப்படுவது என்றும் விளக்கம் தருகிறார். இவ்வளவு தூரம் இச்சொல்லோடு பழகிய ஒருவர், இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று எழுதியிருக்கக் கண்டால், ஊருணிக்கும் பயன்மரத்துக்கும் அங்கு என்ன வேலை என்று சற்றே திகைக்கக்கூடும். ஏனெனில் அப்பலகை குறிப்பது, விசுவாசி ஒருவர் குருவானவரின் செவியில் தம் பாவங்களைச் சொல்லி, அவற்றுக்குப் பொறுத்தல் பெற்று எழுந்து செல்லும் சடங்கை.

வள்ளுவரின் சொல் அந்தப் பலகைக்குப் போய்ச் சேர்ந்த வழி நெடியது. அதன் ஒரு பாதி நம் மொழியிலும் மற்றப் பாதி எபிரேயம், கிரேக்கம், லத்தீன், போர்த்துக்கீசு ஆகிய பாஷைகளிலும் கிடக்கிறது. முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிடலாம். ஒத்தல் என்னும் வினையிலிருந்து ஒப்பு, ஒப்பம், ஒப்படை, ஒப்பனை, ஒப்பாரி என்று பெரியதொரு குடும்பமே கிளைத்திருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று சமமாய், மேடுபள்ளமின்றிப் பொருந்தி நிற்றலே இவ்வெல்லாவற்றுக்கும் அடியிலுள்ள கருத்து. ஒத்தது அறிகிறவனே உயிர்வாழ்பவன் என்று அவ்வதிகாரத்திலேயே சொல்லி, வள்ளுவரும் தம் சொல்லின் வேரைத் தொட்டுக் காட்டிவிடுகிறார். இந்தக் குடும்பத்திலே நம் விஷயத்துக்கு வேண்டியவை இரண்டு: ஒப்புக்கொள்ளுதல், ஒப்புரவு. நடந்த காரியத்துக்கும் வாய் சொல்லும் சொல்லுக்கும் இடையே பேதமில்லாமல் போவது ஒப்புக்கொள்ளுதல். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே பேதமில்லாமல் போவது ஒப்புரவு. குற்றத்தை எதிர்கொள்வதும் மன்னிப்பதுமாகிய கிறிஸ்தவ ஒழுக்கத்தின் சரித்திரத்தை வாசிக்கும்போதெல்லாம், இவ்விரண்டும் சில காலம் கைகோத்து நடந்ததையும், பல காலம் ஒன்றையொன்று மறந்து வெவ்வேறு வீதிகளில் திரிந்ததையுமே நான் காண்கிறேன்.

ஆதியில் அவை சேர்ந்தே இருந்தன. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், பிறனைத் தன்னைப்போல நேசிக்கவேண்டும் என்னும் புகழ்பெற்ற கட்டளை 18ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முந்திய வசனத்தை எடுத்துச் சொல்லுகிறவர் குறைவு. சகோதரனை உள்ளத்தில் பகைத்துக்கொண்டு வெளியே வாளாவிருத்தல் கூடாது, அவன் தவற்றை அவனிடமே எடுத்துச் சொல்லிக் கண்டிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. பகையை மனத்திற்குள் பதுக்கிவைப்பதற்கு மாற்றாகக் கண்டனமும், கண்டனத்துக்கு அடுத்த அடியிலேயே நேசமும் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். 1947ஆம் ஆண்டு முதற்கொண்டு சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் அகப்பட்ட தோற்சுருள்களைப் பார்த்தால், அங்கு வாழ்ந்த யூத சமூகத்தார் இந்த வசனத்தை எவ்வளவு கண்டிப்பாகக் கைக்கொண்டார்கள் என்பது விளங்கும். சாட்சிகள் முன்னிலையில் ஒருவனை முதலிற் கண்டித்துச் சொல்லாமல், அவன்மேல் சபையில் குற்றம் கொண்டுவரக் கூடாதென்பது அவர்களுடைய விதி. அதிலும் ஒரு சிறு துணுக்குச் சுருளில், கண்டிக்கப்பட்டவர்களின் பேர்களும் அவரவர் குற்றமும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கு எழுதப்பட்டிருக்கும் குறை, முன்கோபம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அழியாமல் நிற்கவேண்டிய கீர்த்தியாக அம்மனிதர் அதனை எண்ணியிருக்கமாட்டார்!

மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரம் இந்த மரபில் வந்ததே. குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனியே போகவேண்டும். கேளாவிட்டால் இரண்டொருவரோடு போகவேண்டும். அதற்கும் கேளாவிட்டால்தான் சபைக்குச் சொல்லவேண்டும். அந்த முதற்படிக்குக் கிரேக்க மூலத்தில் வரும் வினை 'எலெங்கோ' என்பது. ஹோமரின் காலத்தில் இச்சொல்லின் வட்டத்தில் இருந்த பொருள் மானக்கேடு. சாக்ரடீஸின் காலத்திலோ, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு ஒருவனுடைய பேச்சிலுள்ள பொய்யை அவனுக்கே புலப்படுத்தும் முறைக்கு அது பெயராயிற்று. நாணச்செய்தல் என்ற பொருளிலிருந்து அறியச்செய்தல் என்ற பொருளுக்கு அச்சொல் நகர்ந்த தூரம் கொஞ்சமன்று. தமிழில் இதற்கு இணையாகக் கைக்கெட்டும் வினைகள் பெரும்பாலும் உடைப்பனவாகவும் வெட்டுவனவாகவும் இருக்கின்றன. நட்பு நகுதற்பொருட்டு அன்று, வரம்பு கடந்தவிடத்து முற்பட்டு இடித்தற்பொருட்டே என்பது வள்ளுவர் கருத்து. இடித்தல் உரலில் நடக்கும் தொழில். கடிதல், களைந்தெறிதல். கண்டித்தல் என்பதோ துண்டித்தலைக் குறிக்கும் வடமொழித் தாதுவிலிருந்து வந்தது. இத்தனை ஆயுதங்கள் கைவசமிருக்க, தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பாளர் மத்தேயுவின் அந்த இடத்தில் அவற்றுள் ஒன்றையும் எடாமல் 'உணர்த்து' என்று போட்டிருப்பது, என் அபிப்பிராயத்தில், அந்நூலின் அருமையான இடங்களுள் ஒன்று. லூக்காவில் இதே பொருள் வரும் வசனத்திலோ 'கடிந்துகொள்' என்றே எழுதினார்கள். மூலத்திலும் அங்கே வேறு சொல்தான் இருக்கிறது, அதட்டுதலைக் குறிப்பது.

தனியே போய் உணர்த்துவதற்குத் துணிவு வேண்டும். எனவே அதைத் தட்டிக்கழிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தங்கள் கோழைத்தனத்துக்குப் பொறுமை என்று பேரிட்டுக்கொள்வார்கள். அதற்கு நேர்மாறான கூட்டத்தாரோ முதற்படியையும் இரண்டாம்படியையும் தாண்டி, எடுத்த எடுப்பிலேயே மூன்றாம்படியில் நின்று முழங்குவார்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு முன்பாக எதிர்த்து நின்றதாகச் சொல்லுகிறாரே, அவரைப் பின்பற்றுவதாகவே அவர்கள் எண்ணிக்கொள்வதுமுண்டு. நம் பழைய கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர் என்று வழங்கிய அவ்விருவருடைய பிணக்கு, புறஜாதிக் கிறிஸ்தவரோடு ஒரே பந்தியில் உட்காருவதா வேண்டாமா என்பதைப் பற்றியது. பேதுரு பந்தியை விட்டு விலகினது எல்லாரும் பார்க்க நடந்ததாகையால், கண்டனமும் எல்லாரும் பார்க்க நடந்தது. பந்தியில் யார் அருகே யார் உட்காருவது என்பது கோவிலுக்குள்ளும் கல்லறைக்குள்ளும் வழக்காகிக் கிடந்த தமிழ்நாட்டிலே இந்த அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் அடிக்கடி வாசித்திருக்கலாம்.

இனி, மன்னித்தல். இதற்கு எபிரேயத்தில் பல சொற்கள் உண்டு. 'சாலஹ்' என்னும் வினைக்குக் கடவுள் ஒருவரே எழுவாயாக வருவார். மனிதன் அதைச் செய்வதாக அந்நூலில் எங்கும் இல்லை. மனிதருக்கும் பொதுவாக வழங்குவது 'நசா' என்பது. அதன் நேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல். தங்களால் விற்கப்பட்ட யோசேப்பிடம் அவனுடைய சகோதரர்கள், தந்தை இறந்தபின் அஞ்சிக் கெஞ்சும் இடத்தில் வரும் வினை இதுவே: எங்கள் குற்றத்தைத் தூக்கிக்கொள் என்கிறார்கள். இந்த நசாவுக்கு உலக பாஷைகள் எல்லாவற்றிலும் ஒரு துணையைத் தேடினால், தமிழிலுள்ள பொறுத்தலைவிட நெருங்கிய ஒன்று கிடைக்குமா என்பது சந்தேகம். பொறை என்பது சுமையும் ஆகும், க்ஷமையும் ஆகும்; தோளில் பாரம் பொறுக்கிறவனும் அயலான் செய்த தீங்கைப் பொறுக்கிறவனும் தமிழில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைச் சொல்லித்தான் வள்ளுவர் பொறையுடைமையைத் தொடங்கினார். பிறர் செய்த குற்றம் காற்றில் கரைந்து போவதில்லை, அதன் பாரத்தை யாரோ ஒருவர் சுமந்தாகவேண்டும் என்கிற விவேகம் இந்த ஒரு வினைக்குள் அடங்கியிருக்கிறது.

கிரேக்கத்தின் வழி வேறு. அங்கே வரும் 'அபியேமி' என்பதற்கு விட்டுவிடுதல், போகவிடுதல் என்று பொருள். கடனைத் தள்ளிவிடுவதற்கும் அதுவே சொல். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. ஆதலால், பதினாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்ற ஊழியக்காரன் தன் உடன் ஊழியக்காரனை நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தொண்டையைப் பிடித்து நெரித்த கதை, கேட்டவர்களுக்கு உவமையாகத் தோன்றுமுன் நேர்ப்பேச்சாகவே விளங்கியிருக்கும். ஒரு தாலந்து 6000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாட் சம்பளம் என்று கொண்டால், அவன் பெற்ற தள்ளுபடி அவன் கேட்ட கடனைப்போல் 6 லட்சம் மடங்கு. இந்தக் கதையும், முன் சொன்ன மூன்று படிகளும் மத்தேயுவின் ஒரே அதிகாரத்தில், சில வசனங்களே இடைவிட்டு இருப்பது தற்செயலன்று. கணக்கைத் திறந்து எவ்வளவு என்று சொன்ன பிறகல்லவா தள்ளுபடி என்பதற்குப் பொருளுண்டு?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவ்விரண்டு வழிகளையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டது ஒரு வேடிக்கை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பழைய கத்தோலிக்க வழக்கிலே பாவங்களைப் 'பொறுத்தருள' வேண்டுகிறார்கள். புராட்டஸ்டண்டு வழக்கிலே கடன்களை 'மன்னிக்க' வேண்டுகிறார்கள். ஒரே தெருவில் எதிர்எதிர் வீட்டில் இருப்பவர்கள் ஒரே ஜெபத்தில் இந்த இரண்டு சொல்லால் பிரிந்து, நூற்றாண்டுக்கணக்காக அதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். மன்னித்தலைப் பற்றி வித்துவான்கள் மத்தியில் ஒரு வழக்கும் இருக்கிறது. அது உருதுவிலிருந்து புகுந்தது, பொறுத்தல் என்பதே தமிழ் என்பர் சிலர். மன்னுதல், அதாவது நிலைத்தல் என்னும் பழந்தமிழ் வினையோடு உறவு சொல்லுவோரும் உண்டு. திருக்குறளில் இப்பொருளில் மன்னித்தல் இல்லை, பொறுத்தலே இருக்கிறது என்பது மட்டும் கண்கூடு. நான் சொற்களின் ஜாதகம் பார்த்து உறவாடுகிறவனல்லன். ஆயினும், மன்னிப்பு என்பது கேட்கவும் கொடுக்கவும் படுகிற ஒரு பண்டம்போல நம் பேச்சில் ஆகிவிட்டதையும், பொறுத்தல் மட்டும் இன்னும் ஒருவர் செய்யவேண்டிய ஒரு வேலையாகவே நிற்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்ததாக, குற்றஞ்செய்தவனுடைய பங்கு. கிரேக்கத்தில் பாவத்தை அறிக்கையிடுதலுக்குள்ள 'ஹொமொலொகேயோ' என்னும் வினை, ஒன்றானதைச் சொல்லுதல் என்னும் பொருளது. அதாவது, எழுத்துக்கு எழுத்து, நம் ஒப்புக்கொள்ளுதல். ஆதித் திருச்சபையில் பாவியின் பகிரங்கத் தவமுறைக்கு 'எக்சோமொலொகேசிஸ்' என்றே பெயர் வழங்கியது. இரட்டும் சாம்பலும் பூண்டு, உண்டியைச் சுருக்கி, மூப்பர்களின் காலில் விழுந்து, சகோதரர் அனைவரின் மன்றாட்டையும் கேட்டு நிற்கும் அம்முறையை, ஏறக்குறைய 200ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் விரிவாக வருணித்திருக்கிறார். ஞானஸ்நானத்துக்குப் பின் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இது கிடைக்கும் என்றிருந்தமையால், புத்திசாலிகள் பலர் அதை மரணப்படுக்கைவரைக்கும் தள்ளிப்போட்டார்கள். விதி எவ்வளவு கடுமையாகிறதோ அவ்வளவு தந்திரம் மனிதனுக்கு உண்டாகிறது.

அக்காலத்து முறையின் மகத்துவம் விளங்குவதற்கு 390ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். தெசலோனிக்கேயில் தன் படைத்தலைவன் ஒருவன் ஜனங்களால் கொல்லப்பட்டதற்குப் பழியாக, ரோமச் சக்கரவர்த்தி தெயோதோசியுவின் ஆணையால் அந்நகரத்தார் கூட்டங்கூட்டமாக வெட்டப்பட்டார்கள். மிலான் நகரத்து மேற்றிராணியார் அம்புரோசியு அப்பொழுது நகரை விட்டு விலகியிருந்து, சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். பிற்காலத்து ஆசிரியர்கள் இதை அலங்கரித்து, அவர் கோவில் வாசலில் நின்று சக்கரவர்த்தியைக் கைகாட்டித் தடுத்ததாக எழுதிவிட்டார்கள். சித்திரக்காரர்களுக்கும் அக்காட்சியே உகந்ததாயிற்று. கடிதமோ இன்றும் இருக்கிறது. அது சபையில் வாசிப்பதற்கன்றி, சக்கரவர்த்தி ஒருவரே வாசிக்கும்படி மேற்றிராணியார் தம் கைப்பட எழுதியது. தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி அவனை அவன் வாயாலேயே பிடித்த விருத்தாந்தத்தை நினைவூட்டி, மனஸ்தாபமின்றித் தாம் அவர் முன்னிலையில் பலி ஒப்புக்கொடுக்க இயலாதென்று அம்புரோசியு தெரிவிக்கிறார். மத்தேயுவின் முதற்படி இதுதான். சக்கரவர்த்தியாயினும் தனியே போய் உணர்த்துதல். தெயோதோசியு ராஜ சின்னங்களைக் களைந்து ஜனங்களோடு நின்று அழுது, அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளளவில் மறுபடியும் பந்தியில் சேர்க்கப்பட்டார். கொலையுண்டவர்களின் பெண்டு பிள்ளைகளுடைய சம்மதத்தை யாரும் கேட்டதாகக் காணவில்லை. அந்தக் குறையையும் இங்கே குறித்துத்தானாக வேண்டும்.

பிறகு அயர்லாந்துத் துறவிகள் 6, 7ஆம் நூற்றாண்டுகளில் ஒரு புது வழியைக் கண்டார்கள். பாவத்தைச் சபையாருக்கு முன்பன்றி ஓர் ஆன்ம சிநேகிதனிடம் தனியே சொல்லலாம்; எத்தனை முறையும் சொல்லலாம். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் ரொட்டியும் நீரும் என்று விலைப்பட்டியல் போலப் பிராயச்சித்த நூல்களும் எழுந்தன. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், புத்தி தெரிந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது தம் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடவேண்டும் என்றும், கேட்டதை வெளியிடும் குரு பதவி இழந்து ஆயுள் முழுவதும் மடத்தில் தவமிருக்கவேண்டும் என்றும் விதித்தது. 16ஆம் நூற்றாண்டில் மிலான் அதிமேற்றிராணியார் சார்லஸ் பொரோமேயோ நடுவில் தட்டிவைத்த மரக்கூண்டைத் தம் கோவில்களில் ஏற்படுத்தினார். அந்தரங்கத்துக்கும் ஸ்திரீகளின் மானத்துக்கும் அது காவல், வாஸ்தவம். ஆனால் குற்றத்தால் புண்பட்டவன் அந்தக் கூண்டுக்குள் இல்லை. ஒப்புக்கொள்ளுதல் செவ்வையாக நடந்தது. ஒப்புரவு கூண்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

இந்தப் பண்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது கப்பலில். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் (1520–1600), 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டதைத் தமிழர் பலரும் அறிவர். அவரே 1580இல் கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' என்ற ஒரு நூலையும் அச்சிட்டார் என்பதை அறிந்தோர் அத்துணைப் பேரில்லை. அதன் பிரதி ஒன்று ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பாவ அறிக்கைக்கு எப்படி ஆயத்தஞ்செய்வது, எதை எவ்வாறு சொல்வது என்று கற்பிக்கும் அந்நூல், தமிழில் அச்சேறிய மிகப் பழைய புத்தகங்களுள் ஒன்று. ராஜாக்களின் பிரதாபத்துக்கு முன்னரே, முத்துக்குளிப்பவரின் மனச்சாட்சிக்கு நம் மொழியில் அச்சு கிடைத்துவிட்டது. தலைப்பு போர்த்துக்கீசுச் சொல்லே, தமிழ் எழுத்தில். மலையாளத்தில் அந்தச் சொல் 'கும்பசாரம்' என்று வேரூன்றி, இன்று கிறிஸ்தவரல்லாதவர் வாயிலும் புழங்குகிறது. தமிழிலோ அது பிழைக்கவில்லை. மதுரை மிஷன் காலத்து வடமொழி நாட்டத்துக்கு இசைந்த 'பாவசங்கீர்த்தனம்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இச்சொல்லைக் கேட்டு நகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கீர்த்தனம் என்றால் தாளத்தோடு பகவந்நாமம் பாடுவதல்லவா, பாவத்தை யாராவது பாடுவார்களா என்பது அவர்கள் கேள்வி. வடமொழியில் சங்கீர்த்தனம் என்பதற்கு முழுமையாய் எடுத்துரைத்தல் என்ற பொருளுண்டு, புகழ்ந்தேத்துதல் என்ற பொருளும் உண்டு. அதிசயம் என்னவென்றால், இவ்விரு பொருளும் எபிரேயத்திலும் ஒரே சொல்லில் இருக்கின்றன: பாவத்தை அறிக்கையிடுவதும் கடவுளைத் துதிப்பதும் அங்கே ஒரே தாதுவிலிருந்து பிறக்கும் வினைகள். சங்கீதப் புத்தகத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் துதித்தலுக்கு வரும் வினையிலிருந்துதான் அந்தப் பகிரங்கத் தவத்தின் பெயரும் வந்தது. லத்தீனில் 'கொன்பெசியோ' அப்படியே. ஏறக்குறைய 400ஆம் ஆண்டளவில் அகுஸ்தீனார் தம் சுயசரிதைக்கு அந்தப் பெயரிட்டபோது, இரண்டு பொருளையும் கருதியே இட்டார். ஆகவே பாவசங்கீர்த்தனம் என்று முதலில் சொன்னவர், அறிந்தோ அறியாமலோ, மேனாட்டு மூலங்களின் இரட்டைப் பொருளையும் தமிழில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். இதற்கு எதிர்த்திசையில் போன சொல் அபராதம். வடமொழியில் குற்றத்தைக் குறித்த அது, பஞ்சாயத்துகளையும் கச்சேரிகளையும் சுற்றித் தமிழில் குற்றத்துக்குக் கட்டும் பணமாகிவிட்டது. பணத்தைக் கட்டினால் குற்றம் தீர்ந்தது என்னும் மனோபாவத்துக்கு இதைவிட வேறு சாசனம் வேண்டுவதில்லை.

ஒப்புரவு மறுபடியும் தோன்றுவது புராட்டஸ்டண்டு வேதாகமத்திலே. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தொடங்கி, பப்ரிசியு முதலானோர் கைமாறித் திருத்திவந்த அந்த மரபின் பழைய மொழிபெயர்ப்பில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரத்திலும், கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் 5ஆம் அதிகாரத்திலும் இச்சொல் வருகிறது. பவுலின் மூலச்சொல்லாகிய 'கத்தல்லாசோ', அடியில் மாற்றுதல், காசு மாற்றுதல் என்னும் பொருளுடையது. பின்னர்ப் பகையை நட்பாக மாற்றுவதற்கு ஆயிற்று. புதிய ஏற்பாட்டில் பவுல் ஒருவரே அதைக் கையாளுகிறார், அதுவும் புதுவிதமாக. மக்கபேயர் ஆகமத்தின் கிரேக்கத்தில் ஜனங்களின் மன்றாட்டால் கடவுள் அவர்களோடு சமாதானமாகிறார்; பவுலிடத்திலோ கடவுளே முற்பட்டுப் பகைத்தவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார். தீங்கிழைக்கப்பட்டவர் முதலடி வைக்கிறார். இதற்கு ஊருணியின் சொல்லை எடுத்தவர்கள், வள்ளுவரின் பொருளைக் கெடுத்தார்கள் என்று நான் கருதவில்லை. கைம்மாறு கருதாமை இரண்டிலும் உண்டு. மழைக்கு உலகம் என்ன திருப்பித் தரமுடியும் என்று கேட்டுத்தானே அந்த அதிகாரம் தொடங்குகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 1973இல் வெளிவந்த புதிய சடங்குமுறை, பாவியை இறைவனோடு மட்டுமன்றித் திருச்சபையோடும் சேர்த்துவைப்பது இது என்பதை வற்புறுத்திற்று. அதன் பிறகே தமிழில் பாவசங்கீர்த்தனம் மெல்ல ஓய்ந்து, ஒப்புரவு அருட்சாதனம் பலகையேறியது. கிழவிகள் இன்னமும் பழைய சொல்லையே சொல்லுகிறார்கள், அவர்களைத் திருத்தவேண்டியதில்லை. புதுச் சொல்லின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அதில் ஓர் அபாயமுமுண்டு. ஒப்புரவு என்று சொல்லிவிட்டு, ராஜி செய்துவைப்பதே திருச்சபைகளில் பெரும்பாலும் நடக்கிறது. ராஜி, அரபியிலிருந்து வந்த கச்சேரிச் சொல், சம்மதம் என்று பொருள். சமாதான உடன்படிக்கைப் பத்திரமாயிருந்த ராஜிநாமா, தமிழ்நாட்டுக்கு வந்து உத்தியோகத்தை விட்டுப் போகும் கடிதமாயிற்று. அதைப் போலவே, கோவில் ராஜிகளிலும் முடிவில் விட்டுப்போகிறவர் புண்பட்டவரே. குருவானவரோ போதகரோ ஒரு பிள்ளையிடத்தில் செய்யத் தகாததைச் செய்தார் என்ற புகார் எழும்பொழுது, மன்னிக்கவேண்டும் என்ற உபதேசம் எடுத்த எடுப்பில் அந்தப் பிள்ளையின் தாயாருக்கே செய்யப்படுவதைப் பல தேசங்களிலும் கண்டாயிற்று. உணர்த்துதலும் இல்லை, ஒப்புக்கொள்ளுதலும் இல்லை. மத்தேயு 18இல் பிற்பாதியை மட்டும் கிழித்தெடுத்துப் படிக்கிற வாசிப்பு அது. பொறுப்பது புண்பட்டவர் ஒருவரே தனித்துச் செய்யக்கூடியது, அவர் மனம் வரும்போது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். காவல்துறைக்குச் சொல்லவேண்டிய குற்றத்தை ஜெபத்தால் மூடுவதற்குப் பொறுத்தல் என்றும் பெயரில்லை, ஒப்புரவு என்றும் பெயரில்லை.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு வீழ்ந்தபின், ஆங்கிலிக்க அதிமேற்றிராணியார் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் அமைந்த உண்மை – நல்லிணக்க ஆணையம், இந்த இரண்டு சொற்களையும் தன் பெயரிலேயே பக்கம்பக்கமாக வைத்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுவதும் வெளிப்படச் சொல்லுகிறவருக்கே பொதுமன்னிப்பு. மனஸ்தாபப்படவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 7,112 பேர் மனுச்செய்து, 849 பேர் பெற்றார்கள். சட்டம் மனஸ்தாபத்தைக் கேளாததைப் பலர் குறைகூறினார்கள். மனஸ்தாபத்தை அளக்கும் கோல் எந்தக் கச்சேரியிலும் இல்லையாதலால், அது நியாயமே என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் ஒப்புக்கொள்ளுதலைக் கேட்கலாம். புருஷனையும் பிள்ளையையும் இழந்த ஸ்திரீகள் ஆணையத்தின் முன் வந்து, மன்னிக்க மனமுண்டு, யாரை மன்னிப்பதென்று முதலில் தெரியவேண்டும் என்கிற பொருள்படப் பேசியதும் அதைத்தான் காட்டுகிறது. இலங்கையில் 2010இல் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலும் நல்லிணக்கம் இருந்தது. உண்மை என்ற சொல் இல்லை.

புதிய ஏற்பாட்டில் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனமே உடையது. ஒரு தாளில் அடங்கும். பிலேமோனிடமிருந்து பிரிந்து போன ஒநேசிமு என்னும் அடிமையை, காவலிலிருந்த பவுல் திரும்ப அனுப்பும்போது கையில் கொடுத்த கடிதம் அது. மன்னிப்புக்குரிய அபியேமி அதில் இல்லை. கத்தல்லாசோவும் இல்லை. ஒநேசிமு தீங்கு ஒன்றும் செய்யவில்லை என்று பவுல் சாதிக்கவுமில்லை. அவன் அநியாயம் செய்ததோ கடன்பட்டதோ உண்டானால் அதைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறார். பிறகு, மற்றவர் எழுத வாய்மொழியாகச் சொல்லும் வழக்கமுள்ள அவர், அந்த இடத்தில் எழுத்தாணியைத் தாமே வாங்கி, பவுலாகிய நானே இதைத் தீர்த்துக்கொடுப்பேன் என்று தம் கையெழுத்தாக எழுதிக்கொடுத்திருக்கிறார்.